ஹெலனாவேன்: காலடி மண்ணை வெட்டி விற்ற ஒரு டச்சு ஊர்

வாய்க்கால்கரை | சனி, இரவு 9.10

மாடித்தோட்டம் போடுகிற எல்லோருக்கும் கோகோபீட் தெரியும். கடையில் கட்டியாக வாங்கி, வாளித் தண்ணீரில் ஊறவைத்து, உதிர்த்து, தொட்டியில் நிரப்புகிறோம். கோகோ என்பது தென்னை, சரி. பீட் என்றால்? வேலைக்காக ஐன்ட்ஹோவன் வந்து இரண்டு வருடம் ஆகும்வரை நான் அதை யோசித்ததே கிடையாது. போன மாதம் சைக்கிளில் ஹெலனாவேன் என்ற சின்ன ஊருக்குப் போய் வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. அதனால்தான் இந்த இழை. நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐன்ட்ஹோவனுக்குக் கிழக்கே டோர்னெ என்று ஒரு ஊர். அதைத் தாண்டினால் வயல்கள் குறைந்து பிர்ச் மரங்களும் கறுத்த தண்ணீரும் வரும். பேல் என்று இந்தப் பகுதிக்குப் பெயர். வடக்கு பிரபாண்ட், லிம்பர்க் என்ற இரண்டு மாகாணங்களுக்கு நடுவே கிடந்த பெரிய சதுப்பு. அதற்குள்தான் ஹெலனாவேன். கோவிலைச் சுற்றியோ சந்தையைச் சுற்றியோ வளர்ந்த ஊர் இல்லை இது. அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரே நேர் வாய்க்கால், கூடவே சாலை, சாலையோரம் வீடுகள். எழுநூறு பேர் அளவில் இருக்கிறார்கள்.

முதலில் பீட். ஸ்பாக்னம் என்று சதுப்பில் வளரும் ஒரு பாசி, தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் கீழ்ப்பாகம் செத்தாலும் மட்காது. தண்ணீர் புளிப்பு, அதில் காற்றும் இல்லை. மேலே புதுப்பாசி, கீழே பழம்பாசி என்று வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் ஏறும். ஒரு மீட்டர் ஏற ஆயிரம் வருடம். அதை வெட்டிக் காயவைத்தால் நன்றாக எரியும். காய்ந்த கட்டிக்கு டச்சில் டர்ஃப் என்று பெயர். விறகுக் காடு அதிகம் இல்லாத நாடு. பல நூற்றாண்டுகள் வீட்டு அடுப்பும் செங்கல் சூளையும் இதில்தான் எரிந்தன.

பேல் சதுப்பைச் சுற்றியிருந்த விவசாயிகள் ஆரம்பத்தில் தங்கள் அடுப்புக்கு வேண்டியதை மட்டும் சிறு குழிகளாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1853இல் யான் வான் டெ கிரின்ட் என்ற தொழில்முனைவர் டோர்னெ ஊராட்சியிடமிருந்து 600 ஹெக்டேருக்கும் மேலான சதுப்பை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த முதல் வேலை வாய்க்கால் வெட்டுவது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முழுக்க நீரில் ஊறிய நிலத்தில் மண்வெட்டி இறக்க முடியாது, முதலில் தண்ணீர் வடிய வேண்டும். வெட்டியதைக் கொண்டுபோக வண்டிப்பாதையும் கிடையாது. வாய்க்கால் வெட்டினால் இரண்டு வேலையும் முடிந்துவிடும். தண்ணீர் அதில் வடியும், படகு அதில் வரும்.

அந்த வாய்க்காலைச் சேர்க்க அவருக்குக் கிடைத்தது நெப்போலியன் பாதியில் விட்டுப்போன ஒரு கால்வாய். ரைன் ஆற்றையும் ஆன்ட்வெர்ப் பக்கத்தையும் இணைத்து, வியாபாரத்தை ஹாலந்திடமிருந்து திருப்புவது நெப்போலியன் திட்டம். 1808இல் தோண்ட ஆரம்பித்தார்கள். 1810இல் ஹாலந்தே பிரான்சோடு சேர்க்கப்பட்டதும் அந்தக் கால்வாய்க்குத் தேவை இல்லாமல் போனது. மிஞ்சிய துண்டுக்கு நோர்டர்வார்ட் என்று பெயர். அதிலிருந்து வடக்கே ஹெலனாவார்ட் வெட்டப்பட்டது. அப்புறம் டர்ஃப் படகுகள் நோர்டர்வார்ட் வழியாக 1826இல் முடிந்த சௌட்-வில்லம்ஸ்வார்ட் பெருங்கால்வாயைப் பிடித்து வடக்கே டென் போஸ் பக்கம் போயின.

வாய்க்காலுக்கும் ஊருக்கும் பெயர் வந்தது யான் வான் டெ கிரின்டின் மனைவி ஹெலனா பானிஸ் பெயரிலிருந்து. அங்கே நின்றபோது ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. முதலாளி பெயர் இருக்கிறது, முதலாளி மனைவி பெயர் ஊர்ப்பலகையிலேயே இருக்கிறது. இத்தனை மண்ணையும் தோண்டி எடுத்தவர்கள் யார்? அவர்கள் பெயர் எங்கே?


ஆம்ஸ்டல்வேன்_அக்கா | சனி, இரவு 9.52

தம்பி, ஆறு வருடமாக ஆம்ஸ்டல்வேனில் இருக்கிறேன். எங்கள் அடுக்ககத்தில் பாதி நம்மவர்கள். ஆம்ஸ்டல் ஆறு தெரியும், வேன் என்னவென்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. அப்படியானால் எங்கள் ஊரும் பீட் ஊரா? ஹோகவேன், ஹேரன்வேன், வேனன்டால் எல்லாமா?


எம்மன்வாசி | சனி, இரவு 11.20

ஆமாம் அக்கா, வேன் என்றால் பீட் நிலம். ஆனால் உங்கள் ஊரின் பீட் வேறு மாதிரி. கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். நான் இருப்பது டிரென்தே மாகாணம், எம்மன். இங்கே வந்து பத்து வருடம் ஆகிறது, இந்த விஷயம் மேல் எனக்குத் தனிப் பித்து உண்டு.

வாய்க்கால்கரை சொல்கிற பேலும் எங்கள் டிரென்தேயும் மேட்டுச் சதுப்பு. மழைத்தண்ணீரை மட்டும் குடித்து, சுற்றியுள்ள நிலத்தைவிட உயர்ந்து நிற்பது. வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டுக் காலூன்றி நின்று வெட்டலாம். உங்கள் ஆம்ஸ்டல்வேன் பக்கம் தாழ்ந்த சதுப்பு. நிலத்தடி நீர் மட்டத்திலேயே கிடப்பது. அங்கே மேலே இருந்ததை வெட்டி முடித்த பிறகு, 1530 வாக்கில் நீளக் கம்பின் நுனியில் இரும்பு வளையமும் வலையும் கட்டிய ஒரு கருவி வந்தது. படகிலோ கரையிலோ நின்று அதை விட்டு, தண்ணீருக்கு அடியில் இருக்கிற சேற்றை வாரி எடுப்பார்கள். வாரிய சேற்றை நீளமான வரப்பில் பரப்பி, காலில் பலகை கட்டி மிதித்து, இறுகியதும் கட்டிகளாக அறுத்துக் காயவைப்பார்கள்.

இதில் ஆபத்து என்னவென்றால் வாரிய இடம் குளமாகிவிடும். நடுவில் விட்ட வரப்பை அலை அரிக்கும், குளம் ஏரியாகும், ஏரி ஊரைத் தின்னும். யூடியூபில் எல்லோரும் படகில் போய் படம் எடுக்கிற கீதோர்ன் இப்படி வாரி உண்டான ஊர்தான். அந்த அழகான வாய்க்கால்கள் டர்ஃப் படகுக்காக வெட்டியவை. அதற்குப் பக்கத்தில் பியூலாகே என்று ஒரு ஊர் இருந்தது. பேராசையாக வாரி வரப்பெல்லாம் மெலிந்து போயிருந்தது. 1775, 1776 இரண்டு வருடமும் அடுத்தடுத்து புயல் வெள்ளம். ஊரே போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் பியூலாகர்வைடெ என்ற ஏரி, பாய்மரப் படகு விடுகிறார்கள்.

நீங்கள் விமானத்தில் வந்து இறங்குகிற ஸ்கிபோலும் ஒரு காலத்தில் ஏரியின் அடிமட்டம். பீட் கரைகளை அலை தின்று தின்று பெருத்த ஹார்லம் ஏரியை நீராவி எந்திரம் வைத்து 1852இல் இறைத்து முடித்தார்கள். அந்தத் தரையில்தான் ஓடுபாதை.


ஆம்ஸ்டல்வேன்_அக்கா | ஞாயிறு, காலை 8.05

நேற்று இரவு இதைப் படித்துவிட்டு என் மகளிடம் சொன்னேன். அவள் பள்ளியில் படித்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. சரி, மேலே சொல்லுங்கள். வெட்டியவர்களைப் பற்றிச் சொல்ல வந்தீர்களே.


வாய்க்கால்கரை | ஞாயிறு, காலை 10.40

சொல்கிறேன் அக்கா. உள்ளூர் விவசாயிகளில் பலருக்கு இந்த வேலையில் பழக்கம் இல்லை. அதனால் வடக்கே டிரென்தே, ஓவரைசல் பக்கமிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முழுக்கக் கத்தோலிக்கர்கள் வாழ்ந்த இந்தப் பகுதியில் புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் குடியேறியது அப்படித்தான்.

வேலை வசந்தத்தில், உறைபனி விட்டதும் தொடங்கும். ஜூன் முடிவதற்குள் வெட்டு முடிந்தாக வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு வெட்டியது குளிர்காலத்துக்குள் காயாது. ஈரத்தோடு உறைந்த கட்டி கரைந்து தூளாகிவிடும். அதனால் அந்த மூன்று மாதம் இருட்டோடு போய் இருட்டோடு வருவது. எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஆண்கள் வெட்டுவார்கள், பெண்களும் பிள்ளைகளும் கட்டிகளைப் பரப்புவது, திருப்புவது, காற்றுப் போகிற மாதிரி இடைவெளி விட்டு அடுக்குவது. வறட்டி தட்டிக் காயவைத்து அடுக்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டியையும் பல தடவை கையால் தொட்டாக வேண்டும். அதுவும் பச்சையாக இருக்கும்போது முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர், செம கனம்.

அந்தப் பக்கம் ஒரு பெரியவர் தன் கொட்டகையில் வைத்திருந்த பழைய டர்ஃப் கட்டி ஒன்றை எனக்குக் கொடுத்தார். செங்கல்லைவிடக் கொஞ்சம் நீளம். பார்த்தால் கருங்கல் போல இருக்கிறது, தூக்கினால் கையில் எடையே தெரியவில்லை. உடைந்த ஓரத்தில் வெளிச்சம் பட வைத்துப் பார்த்தேன். மயிர் போல வேர்கள், பாசித் தண்டு, ஒரு மெல்லிய சுள்ளி, எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்தச் சுள்ளி செடியாக நின்ற காலத்தில் சங்கப் பாடல்கள் பிறந்திருக்குமோ இல்லையோ. கையில் வைத்திருக்கவே கொஞ்சம் பயமாக இருந்தது.


செங்கல்மகன் | ஞாயிறு, பகல் 12.15

வணக்கம். இந்த இழையைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. என் அப்பா அம்மா சூளையில் கல் அறுத்தவர்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. பச்சைக்கல்லை அறுத்துப் போட்டு, திருப்பி, அடுக்கி, மழை வந்தால் ஓடிப்போய் மூடி... நான் பள்ளி விட்டு வந்ததும் கல் திருப்பத்தான் போவேன். மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது, முன்பணம் வாங்கித்தான் சாப்பாடு, அடுத்த வருடம் அந்தப் பணத்துக்கு உழைப்பு.

அங்கேயும் அப்படித்தானா? ஜூனில் வேலை முடிந்தால் மீதி மாதம் எப்படிச் சாப்பிட்டார்கள்?


எம்மன்வாசி | ஞாயிறு, பிற்பகல் 2.30

தம்பி, நீங்கள் கேட்டது சரியான இடம். ஹெலனாவேனை வாய்க்கால்கரை சொல்லட்டும், டிரென்தேயில் நடந்ததை நான் சொல்கிறேன்.

இங்கே முதலாளியே கடை வைத்திருப்பார், அல்லது அவர் சொந்தக்காரர் வைத்திருப்பார். தொழிலாளி அங்கேதான் மாவும் கொழுப்பும் காப்பியும் வாங்க வேண்டும். விலை வெளியைவிட அதிகம், சரக்கு மட்டம். வேறு கடையில் வாங்கியது தெரிந்தால் அடுத்த பருவத்தில் வேலை இல்லை. குளிர்காலத்தில் அதே கடையில் கடன், வசந்தத்தில் வெட்டி அடைப்பது. கூலி பணமாகக் கைக்கு வருவதே குறைவு. கூலியைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும், முதலாளி கடையில் வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 1907இல்தான் சட்டமானது. நடைமுறைக்கு வந்தது 1909இல்.

குடியிருப்பைச் சொல்லவே வேண்டாம். புல்வேரோடு வெட்டிய மண்கட்டியை அடுக்கிச் சுவர், மேலே கம்பும் புல்லும், உள்ளே ஒரே அறை. பெற்றோர், பிள்ளைகள், சில வீட்டில் ஆடும் அதற்குள்ளேயே. அந்தச் சுவர் எப்போதும் ஈரம். 1901இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் குடிசைகளை ஒவ்வொன்றாக ஒழித்தார்கள், ஆனாலும் பல வருடம் பிடித்தது.

பொறுத்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை அவர்கள். 1888 வசந்தத்தில், வெட்டு ஆரம்பிக்கிற நேரமாகப் பார்த்து ஃபிரீஸ்லாந்திலும் இந்தப் பக்கமும் பெரிய வேலைநிறுத்தம். முதலாளிக்கும் காலக்கெடு ஜூன்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே வருடம் ஹேரன்வேன் பக்கத்துத் தொகுதியிலிருந்து டொமெலா நியூவன்ஹௌஸ் நாடாளுமன்றம் போனார். டச்சு நாடாளுமன்றத்தின் முதல் சோஷலிஸ்ட் அவர். பீட் தொழிலாளிகள் அவரை எங்கள் விடுதலைக்காரர் என்றே கூப்பிட்டார்கள்.

இன்னொன்று. ஓவியர் வான் கோ 1883 செப்டம்பரில் ஹோகவேன் வந்து, அங்கிருந்து படகில் நியூ-ஆம்ஸ்டர்டாம் என்ற பீட் ஊருக்குப் போய், டிசம்பர் தொடக்கம்வரை ஒரு விடுதியில் தங்கினார். எம்மனுக்குப் பக்கம்தான், அந்த விடுதி இப்போது அருங்காட்சியகம். குனிந்து பீட் அடுக்கும் இரண்டு பெண்களை அவர் வரைந்தது அப்போதுதான். முகமே தெரியாது அந்தப் படத்தில். முதுகு மட்டும்தான்.

அப்புறம், ஊர்ப்பலகை விஷயம்: எங்கள் பக்கமும் கிளாசினாவேன் என்று ஒரு ஊர் இருக்கிறது. ஸ்கோல்டன் என்ற பெருந்தொழிலதிபரின் மனைவி கிளாசின் பெயரில்.


கணக்குப்பிள்ளை | ஞாயிறு, மாலை 6.05

இழை அருமை. ஆனால் ஒரு பக்கமாகச் சாய்கிறதோ என்று தோன்றுகிறது, மன்னிக்கவும். ஒன்றும் விளையாத சதுப்பு. அதில் ஒருவர் தன் பணத்தைப் போட்டு வாய்க்கால் வெட்டி, வேலை கொடுத்து, ஒரு ஊரையே உண்டாக்கியிருக்கிறார். அவர் இல்லாவிட்டால் அந்த எழுநூறு பேருக்கு ஊரே இல்லை. மனைவி பெயரை வைத்ததில் என்ன தப்பு? தோண்டி முடித்த பிறகு நிலத்தை என்ன செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா?


வாய்க்கால்கரை | ஞாயிறு, இரவு 9.30

கணக்குப்பிள்ளை சார், நியாயமான கேள்வி. அவர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. ஹெலனாவேனில் டிரென்தே அளவுக்குக் கொடுமை நடந்தது என்றும் நான் எழுதவில்லை. ஆனால் ஒன்றும் விளையாத சதுப்பு என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் அதில் ஆடு மேய்த்தார்கள், தேனீ வளர்த்தார்கள், அடுப்புக்கு வெட்டினார்கள். நம் ஊர்ப் புறம்போக்கையும் கணக்கில் தரிசு என்றுதான் எழுதுவார்கள், அங்கே மாடு மேய்க்கிறவரைக் கேட்டால் வேறு சொல்வார்.

நிலத்தை என்ன செய்தார்கள் என்று கேட்டீர்கள். இதில் டச்சுக்காரர்களைப் பாராட்டத்தான் வேண்டும். மேல் அடுக்கைத் தனியாக எடுத்து வைத்து, கீழே உள்ளதை வெட்டி முடித்ததும் அதைத் திரும்பப் போட்டு, அடி மணலோடு கலந்து விவசாய நிலமாக்குவார்கள். வடக்கே, குரோனிங்கன் நகரத்துக்கு டர்ஃப் ஏற்றிப் போன படகுகள் திரும்பி வரும்போது நகரத்துக் குப்பையும் கழிவும் உரமாக ஏற்றி வந்தன. படகுகள் வெறுமனே திரும்பவில்லை. ஹெலனாவேன் பக்கமும் பின்னால் காய்கறித் தோட்டம் வந்தது. இன்றைக்குப் போனாலும் ஊரைச் சுற்றிக் கண்ணாடிக்கூடங்கள்.

டர்ஃப் ஊருக்கு முதல் அடி விழுந்தது நிலக்கரியால். 1866இல் ஐன்ட்ஹோவனிலிருந்து வென்லோவுக்கு ரயில் வந்தது. அதே ரயிலில் மலிவாகக் கரியும் வந்தால் டர்ஃபை யார் வாங்குவார்? இந்த ஊர் தப்பித்தது குதிரையால். மேலாக இருக்கிற இளநிற பீட் சரியாக எரியாது, வெட்டுக்காரர்கள் அதுவரை ஒதுக்கித் தள்ளினார்கள். அதை உலர்த்தித் தூளாக்கினால் மூத்திரத்தை அப்படியே உறிஞ்சும், நாற்றமும் அடங்கும். டிராம் வண்டியெல்லாம் குதிரை இழுத்த காலம், பெருநகர லாயங்கள் வைக்கோலுக்குப் பதிலாக இதை வாங்க ஆரம்பித்தன. யானின் மகன்கள் 1885இல் வாய்க்காலின் வடகோடியில், ரயில்பாதைப் பக்கத்தில், கிரின்ட்ஸ்வேன் என்ற இன்னொரு ஊரையே இதற்காக எழுப்பினார்கள். அந்தக் கம்பெனி இங்கிலாந்துவரை போனது. யார்க்‌ஷயரில் தார்ன் சதுப்பை எடுத்து, டச்சு ஆட்களைக் கொண்டுபோய் டச்சுப் பாணியிலேயே வாய்க்கால் வெட்டி வேலை செய்தார்கள்.

மோட்டார் வந்ததும் குதிரை போனது. தூள் அதற்குப் பிறகு லாயத்துக்குப் போகாமல் பூந்தொட்டிக்குப் போனது.


ஆம்ஸ்டல்வேன்_அக்கா | ஞாயிறு, இரவு 9.58

தோண்டியவர்கள் பெயர் எங்கே என்று கேட்டீர்கள். ஒருவர் பெயர்கூடவா இல்லை?


வாய்க்கால்கரை | திங்கள், இரவு 8.45

ஒருவர் பெயர் இருக்கிறது அக்கா. அதை எழுதத்தான் நேற்று நேரம் இல்லாமல் விட்டேன்.

1910 ஜூன் மாதம். வெட்டுப் பருவத்தின் கடைசி. பக்கத்து ஊரான மைல் கிராமத்துக்காரர் கெபல் ஸ்மோலனார்ஸ் சதுப்பில் வெட்டிக்கொண்டிருந்தபோது அவர் கருவியில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துக் கழுவினால் பொன்முலாம் பூசிய வெள்ளித் தலைக்கவசம். ரோமானியக் குதிரைப்படை அதிகாரி ஒருவருடையது. கூடவே தோல் செருப்பு, குதிமுள், ஆடையில் குத்தும் ஊசி, நாணயங்கள். நாணயங்களில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தலை, கி.பி. 320ஐ ஒட்டிய காலம். கவசத்தில் படைப்பிரிவின் பெயர்கூடக் கீறியிருக்கிறது. ஆனால் உடல் இல்லை, எலும்பும் இல்லை. அதிகாரி சதுப்பில் மூழ்கிச் செத்தாரா, அல்லது தெய்வத்துக்குக் காணிக்கையாகத் தண்ணீரில் விட்டுப்போனாரா என்று இன்றும் பேசுகிறார்கள். எனக்குக் காணிக்கை என்றுதான் படுகிறது. செருப்பும் பணமும் கவசமும் ஒரே இடத்தில் கிடக்க, ஆள் மட்டும் இல்லையே.

போன மாதம் லெய்டன் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்தேன். கவசத்தை விட்டு நகர மனம் வரவில்லை. ஓரமெல்லாம் வரிசையாகக் குமிழ்கள், கன்னத்தை மூடுகிற பகுதி, மூக்குத் தகடு. நாம் பார்ப்பது மேல் தகடு மட்டும்தான். உள்ளே இருந்த இரும்பைப் பீட் தண்ணீரின் புளிப்பு தின்றுவிட்டது. அதே தண்ணீர் தோலைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆயிரத்து எழுநூறு வருடத்துச் செருப்பு, தையல் ஓட்டைகூடத் தெரிகிறது.

தலைமுறை தலைமுறையாகத் தோண்டியவர்களில், ஊருக்கு வெளியே இருக்கிற எனக்குத் தெரிய வந்த ஒரே பெயர் ஸ்மோலனார்ஸ். அவர் கையில் தங்கம் தட்டுப்பட்டது. அவருக்குப் பக்கத்தில் நின்று அதே நாள் டர்ஃப் வெட்டியவர் யார்?


செங்கல்மகன் | திங்கள், இரவு 9.20

என் அப்பா அறுத்த கல்லில் சூளை முதலாளியின் பெயரெழுத்துதான் பதிந்திருக்கும். அச்சிலேயே இருக்கும் அது. எங்கள் பக்கத்து வீட்டில் பூச்சு உதிர்ந்த இடத்தில் இப்போதும் தெரிகிறது.


எம்மன்வாசி | திங்கள், இரவு 10.10

தம்பி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

போர்க்காலத்தையும் ஒரு வரி சேர்க்க நினைத்தேன். 1944 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை. மாஸ் ஆற்றின் மேற்குப் பக்கக் கிராமங்களில் ஜனங்கள் தேவாலயத்துக்குள் இருக்கிற நேரம் பார்த்து ஜெர்மானியப் படை வாசலை வளைத்தது. வேலை செய்யும் வயதில் இருந்த ஆண்களைப் பிடித்து ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். அதே மாதக் கடைசியில் ஸ்மோலனார்ஸ் ஊரான மைல் பெரிய சண்டைக்களமானது. மிஞ்சியிருந்த வயதானவர்களும் பெண்களும்தான் அந்தக் குளிர்காலத்தைக் கடத்தினார்கள்.


பொள்ளாச்சி_நார் | செவ்வாய், காலை 6.30

அண்ணா, இவ்வளவு நாள் படிக்க மட்டும் வருவேன், இப்போதுதான் எழுதுகிறேன். எங்களுக்கு நார்த்தூள் கட்டி போடுகிற யூனிட் இருக்கிறது. ஐந்து கிலோ கட்டி, 650 கிராம் கட்டி இரண்டும். நெதர்லாந்துக்கும் போகிறது. முன்பெல்லாம் தேங்காய் மட்டையில் நாரை எடுத்துவிட்டு இந்தத் தூளை ரோட்டோரம் மலையாகக் குவித்துத் தீ வைப்பார்கள். என் தாத்தா காலத்தில் இது வெறும் தொந்தரவு. இப்போது உப்புப் போகக் கழுவி, காயவைத்து, அழுத்தி, கண்டெய்னர் ஏற்றுகிறோம். உப்பளவு கொஞ்சம் கூடினாலும் சரக்கு திரும்பிவிடும்.

அங்கே வாங்குகிறவர்கள் பீட்டுக்குப் பதிலாகத்தான் இதைக் கேட்கிறார்கள் என்று தெரியும். ஆனால் அந்த பீட் எங்கிருந்து வந்தது, யார் வெட்டினார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. கேட்க இரண்டு விஷயம் இருக்கிறது. இப்போதும் அங்கே வெட்டுகிறார்களா? சதுப்பு திரும்ப வருமா?


வாய்க்கால்கரை | செவ்வாய், இரவு 8.20

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிய சந்தோஷம். பேலில் இப்போது வெட்டு இல்லை. டச்சுத் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் பால்டிக் நாடுகளிலிருந்தும் பீட் வருகிறது, அதாவது வேறு ஒரு சதுப்பு குறைகிறது. உங்கள் தூள் போகிற ஒவ்வொரு தொட்டியும் அந்த அளவுக்கு நல்லது.

திரும்ப வருமா என்பதற்கு எளிய பதில் கிடையாது. டோர்னெ பேல், மரியா பேல், கிரோட் பேல் எல்லாம் இப்போது பாதுகாக்கப்பட்ட இடங்கள். தண்ணீரை வெளியே விட வெட்டிய வாய்க்கால்களை அடைத்து, அணை போட்டு, மழைநீரைத் தேக்குகிறார்கள். பாசி நன்றாகத் திரும்பியிருப்பது பழைய விவசாயிகள் தங்கள் அடுப்புக்கு வெட்டிய சிறு குழிகளில். கம்பெனி வெட்டிய பெரிய பரப்பில் தண்ணீர் ஏறி இறங்குகிறது, பிர்ச் முளைக்கிறது. சுற்றிலும் பன்றிப்பண்ணைகள் வேறு. அங்கிருந்து காற்றில் வரும் நைட்ரஜன் இந்தப் பாசிக்கு விஷம் மாதிரி.

2020 ஏப்ரல் 20ஆம் தேதி டோர்னெ பேலில் தீப்பிடித்தது. 700 ஹெக்டேருக்கும் மேல் போனது. புகை தாங்காமல் கிரின்ட்ஸ்வேன் மக்களை வெளியேறச் சொன்னார்கள். மேலே அணைந்த பிறகும் தரைக்குள் பீட் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருந்தது. வடித்துக் காயவைத்த நிலம் அல்லவா, அடுப்புக்குத் தயாராக இருந்த மண் அது.


பொள்ளாச்சி_நார் | செவ்வாய், இரவு 9.05

அண்ணா, உங்களிடம் அந்தப் பெரியவர் கொடுத்த கட்டி இருக்கிறதே, அதை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். எங்கள் ஐந்து கிலோ கட்டி தண்ணீர் பட்டால் கொஞ்ச நேரத்தில் பூத்து எழுபது லிட்டருக்கு மேல் வரும். முழுக்கக் காய்ந்த பீட் தண்ணீரைத் தள்ளும் என்று இங்கே வந்த வாங்குநர் ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் கண்ணால் பார்த்ததில்லை.


வாய்க்கால்கரை | புதன், காலை 7.10

மனசு கேட்கவில்லை, முழுக்கட்டியையும் போடாமல் கால்வாசி உடைத்துப் போட்டிருக்கிறேன். மிதக்கிறது. மேலே தண்ணீர் தெளித்தால் தாமரை இலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடுகிறது.


செங்கல்மகன் | புதன், இரவு 7.40

அப்படியானால் அடைத்த வாய்க்காலில் தண்ணீர் நிரப்பினாலும் பழைய பீட் குடிக்காதா?


எம்மன்வாசி | புதன், இரவு 8.15

ஒரு தடவை நன்றாகக் காய்ந்த மேல் அடுக்கு சுலபத்தில் குடிக்காது. அதன் மேல் தண்ணீர் நின்று, புதுப்பாசி பிடித்து, அது தன் தண்ணீரைத் தானே வைத்துக்கொள்ள ஆரம்பிக்க வேண்டும். அதனால்தான் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு.


வாய்க்கால்கரை | ஞாயிறு, காலை 9.00

இன்றோடு ஐந்தாம் நாள். வாளித் தண்ணீர் லேசான தேநீர் நிறமாகியிருக்கிறது. துண்டு இன்னும் மிதக்கிறது, உடைத்த பக்கம் மட்டும் கொஞ்சம் கீழே சாய்ந்திருக்கிறது. அந்தச் சுள்ளி இருக்கிற ஓரம்தான் முதலில் நனைந்தது. அடுத்த வாரமும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.